மயில்கழுத்து நீலமா, மாங்கனி மஞ்சளா? டர்பன் வீட்டு வரவேற்பறைக்கு நிறம் தேடுவோர் கேட்கும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பெயிண்ட் கடை ஒன்றில் நிறம் கலக்கும் இயந்திரத்தின் அருகே நிற்பது என் வேலை. இரண்டு நிற அட்டைகளைக் கையில் பிடித்துக்கொண்டு, "அண்ணா, இதுவா அதுவா?" என்று கேட்பவர்கள் ஆண்டு முழுவதும் வருவார்கள், தீபாவளி நெருங்கினால் வரிசையில் நிற்பார்கள். அந்த இரண்டும் பெரும்பாலும் எதிரெதிர் நிறங்களாக இருக்கும். ஒன்று அடர்ந்த நீலம், மற்றது வெளிச்சமான மஞ்சள். ஆகவே மயில்கழுத்து நீலத்தையும் மாங்கனி மஞ்சளையும் எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். உங்கள் கையில் இருப்பது மாதுளைச் சிவப்பும் சந்தனமும் என்றாலும் இதே கணக்குதான்.

இரண்டுமே பிடித்திருக்கிறது. எது நல்ல நிறம்?

அந்த அறையில் எப்போது உட்காருகிறீர்கள்? காலையில் பேப்பரும் தேநீருமாக உட்காரும் அறையா? பிள்ளைகள் பள்ளி விட்டு வந்து வீட்டுப்பாடம் எழுதும் இடமா? எல்லாரும் வேலைக்குப் போய்விட்டு இருட்டிய பிறகு கூடும் அறையா?

பகலில் வாழும் அறைக்கு மஞ்சள், இரவில் வாழும் அறைக்கு நீலம் என்பது என் கட்சி. அடர் நீலம் பகல் வெளிச்சத்தை விழுங்கிவிடும். மதியம் இரண்டு மணிக்கே விளக்குப் போடவேண்டிவரும். அதே நீலம் இரவில், இரண்டு மேசை விளக்குகளின் ஒளியில், அறைக்கு ஒரு கனத்தைக் கொடுக்கும். மஞ்சளுக்கு இது தலைகீழ். பகலில் சிரிக்கும் சுவர், இரவில் வெள்ளை டியூப்லைட்டின் கீழே மருத்துவமனைத் தாழ்வாரம் மாதிரி வெளிறிப்போகும்.

எந்தத் திசை ஜன்னல் என்பது அவ்வளவு முக்கியமா?

மிக முக்கியம். தமிழ்நாட்டிலிருந்து அண்மையில் வேலைக்கு வந்தவர்கள் தடுமாறுவதும் இங்கேதான். அங்கே ஆண்டின் பெரும்பகுதி நண்பகல் சூரியன் தெற்குப் பக்கம் சாய்ந்திருக்கும். டர்பன் தெற்கு அட்சரேகை ஏறத்தாழ 30 பாகையில் இருக்கிறது. மகர ரேகைக்கும் கீழே. ஆகையால் ஆண்டின் எந்த நாளிலும் நண்பகலில் சூரியன் வடக்கேதான் நிற்கும். இணையத்தில் அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ எழுதப்பட்ட "தெற்கு அறைக்கு இந்த நிறம்" என்ற குறிப்பைப் படித்துவிட்டு வந்தால், திசையைத் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள்.

வடக்கு ஜன்னல்: டிசம்பரில் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல், 83 பாகை உயரத்தில் போவதால் வெயில் உள்ளே வராது. ஜூனில் அது 37 பாகைக்கு இறங்கிவிடும். வெயில் சோபா வரைக்கும் நீண்டு வரும். இரண்டு நிறத்துக்கும் இது நல்ல அறை. அடர் நீலத்தைத் துணிந்து அடிக்க நினைத்தால் இங்கே அடியுங்கள். மஞ்சளானால் அட்டையில் பிடித்ததைவிட ஒரு படி மங்கலானதை எடுங்கள். இல்லாவிட்டால் ஜூலை மாதத்துப் பகலில் கண் கூசும்.

தெற்கு ஜன்னல்: நேர் வெயில் அநேகமாக இல்லை. கோடையில் மட்டும் அதிகாலையிலும் மாலைக் கடைசியிலும் சற்றே எட்டிப்பார்க்கும். மற்ற நேரமெல்லாம் வானத்தின் நீலம் கலந்த குளிர்ந்த வெளிச்சம்தான். இந்த வெளிச்சத்தில் எலுமிச்சை மஞ்சள் பச்சை தட்டும். சிவப்புக் கலந்த மாங்கனி மஞ்சள் தாங்கும். நீலம் இங்கே இன்னும் குளிர்ந்து, கறுத்துப்போகும்.

கிழக்கு ஜன்னலில் காலை வெயில் மஞ்சளாக வந்து எட்டு ஒன்பது மணிக்குள் அறையை நிறைத்துவிடும். பிற்பகலில் அதே அறை வேறு அறை. மேற்கு ஜன்னலில் மாலை வெயில் செம்மஞ்சளாக விழும். மஞ்சள் சுவர் அப்போது ஆரஞ்சாகிவிடும். மேற்குப் பார்த்த அறைக்கு மஞ்சள் கேட்டு வருபவர்களிடம் மாலை ஐந்து மணிக்குப் போய் ஒருமுறை நின்று பார்த்துவிட்டு வாருங்கள் என்பேன்.

ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்பதையும் பாருங்கள். மாமரமோ வாழையோ நின்றால் உள்ளே வரும் ஒளியே பச்சையாக இருக்கும். பக்கத்து வீட்டுச் செங்கல் சுவர் நெருங்கி நின்றால் சிவப்பு கலக்கும். வராந்தாவில் சிவப்புப் பாலிஷ் போட்ட தரை இருந்தால் அதுவும் உள்ளே தன் நிறத்தை அனுப்பும்.

அட்டையில் ஒன்று, சுவரில் வேறொன்றாக இருக்கிறதே. கலப்பதில் தவறா?

எப்போதாவது இருக்கலாம். பெரும்பாலும் இல்லை. தீப்பெட்டி அளவு அட்டையைப் பார்க்கும்போது அதைச் சுற்றி வெள்ளை இருக்கிறது. நான்கு சுவரிலும் அடித்தால் ஒரு சுவர் தன் ஒளியை எதிர்ச்சுவர் மேல் வீசும், அது திரும்ப இதன் மேல் வீசும். நிறம் ஏறிக்கொண்டே போகும். மஞ்சளில் இந்த ஏற்றம் மிக அதிகம். அட்டையில் இதமாகத் தெரியும் மஞ்சள் அறை முழுதும் ஏறியதும் கூவும். மஞ்சளை அட்டையில் பார்த்துக் கொஞ்சம் சோகையாக இருக்கிறதே என்று தோன்றினால், அநேகமாக அதுதான் சரியான மஞ்சள். நீலத்தில் வேறு விதமான ஏமாற்றம்: அட்டையில் மயில்கழுத்தின் பச்சைச் சாயல் தெளிவாகத் தெரியும்; சுவரில் வெளிச்சம் குறைந்த மூலையில் அந்தச் சாயல் காணாமல் போய் வெறும் கருநீலம் மிஞ்சும்.

அதனால் அட்டையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மாதிரி டின் சிறிய அளவில் விற்கிறார்கள். இரண்டு நிறத்திலும் ஒவ்வொன்று வாங்குங்கள். சுவரிலேயே அடித்துப் பார்க்கவேண்டாம்; பழைய நிறம் பக்கத்தில் நின்று கண்ணை ஏமாற்றும், பிறகு அந்தத் திட்டின் விளிம்பு புதுப் பூச்சிலும் மேடாகத் தெரியும். செய்தித்தாளை விரித்த அளவுக்கு இரண்டு கெட்டி அட்டைகள் எடுத்து, ஓரத்தில் நான்கு விரல் அகலம் வெள்ளையாக விட்டு, இரண்டு கோட் அடித்துக் காயவையுங்கள். பிறகு அவற்றைச் சுவரோடு நிமிர்த்தி வையுங்கள். மேசையில் படுக்கப்போட்டுப் பார்த்தால் உட்கூரை வெளிச்சம் நேராக விழுந்து வெளுப்பாகக் காட்டும்.

ஜன்னலுக்கு எதிர்ச்சுவர், ஜன்னல் இருக்கும் சுவர், இருட்டு மூலை ஆகிய மூன்று இடத்திலும் வைத்துப் பாருங்கள். ஜன்னல் இருக்கும் சுவரை யாரும் சோதிப்பதில்லை. பகலில் மிக இருட்டாகத் தெரியும் சுவர் அதுதான், ஏனென்றால் கண் வெளியே இருக்கும் வெயிலைப் பார்த்துச் சுருங்கிவிடுகிறது. காலை, மாலை நான்கு மணி, விளக்குப் போட்ட பிறகு என மூன்று வேளையும் பாருங்கள். ஒரு நிறத்தை முடிவு செய்ய இரண்டு மூன்று நாள் எடுத்துக்கொண்டால் குடி முழுகிப் போகாது.

படம் எடுத்து மகளுக்கு அனுப்பி அவளைக் கேட்டு முடிவு செய்யலாமா?

கூடாது. கைப்பேசிக் கேமரா வெள்ளையைத் தானாகவே சரிசெய்துகொள்ளும். மஞ்சள் சுவரின் மஞ்சளைப் பாதி தின்றுவிடும். மகளை நேரில் வரச் சொல்லுங்கள்.

சேட்ஸ்வொர்த் வீடு எங்களுடையது. அறை சின்னது. அடர் நீலம் அடித்தால் இன்னும் சுருங்கிவிடாதா?

1960-களில், நிறவெறி அரசின் இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தின் பெயரால் இந்திய வம்சாவளியினரை வாழ்ந்த இடத்திலிருந்து கிளப்பிக் கொண்டுவந்து குடியமர்த்த டர்பனின் புறநகரில் கட்டப்பட்டவை அந்த வீடுகள். தாராளமான அறையைக் கொடுக்கும் எண்ணம் கட்டியவர்களுக்கு இருக்கவில்லை. நிறத்தால் அறையின் அளவை மாற்றிவிட முடியாது. எல்லை எங்கே என்று கண்ணுக்குக் காட்டுவதை மட்டும் மாற்றலாம்.

சின்ன அறையைச் சுருக்கிக் காட்டுவது அடர் நிறத்தைவிட அதிகமாக, துண்டு துண்டாக வெட்டும் நிற மாற்றம்தான். நீலச் சுவர், பளீர் வெள்ளைக் கதவு, வெள்ளைச் சுவரடிப் பலகை, வெள்ளை ஜன்னல் சட்டம், அதன் மேல் கறுப்புக் கம்பித் தடுப்பு என்று வைத்தால் கண் ஒவ்வொரு விளிம்பிலும் நின்று நின்று போகும். அறை நெருக்கமாகத் தெரியும். கதவையும் பலகையையும் அதே நீலத்தில் விட்டால் மூலைகள் மங்கி, அறை எங்கே முடிகிறது என்பது இரவில் தெரியாது. சின்ன அறைக்கு அடர் நிறம் அடிப்பதானால் முழுதாக அடியுங்கள். அரை மனதாக அடிப்பதற்கு மஞ்சளே மேல்.

உட்கூரை தாழ்வாக இருந்தால் சுவர் நிறத்தைக் கூரைக்கு ஒரு சாண் கீழே நிறுத்தி வெள்ளைக் கோடு விடும் பழக்கம் பழைய வீடுகளில் உண்டு. அதை விட்டுவிடுங்கள். சுவரை இன்னும் குட்டையாக்கும்.

பட்டியலில் எல்.ஆர்.வி. என்று ஒரு எண் போட்டிருக்கிறதே, அது என்ன?

சுவரில் படும் ஒளியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைச் சொல்லும் எண். முழுக் கறுப்பு 0, முழு வெள்ளை 100. மாங்கனி மஞ்சள் போன்ற நிறம் 60-ஐ ஒட்டி இருக்கும். மயில்கழுத்து நீலம் 10-க்கும் கீழே போகலாம். அதாவது மஞ்சள் அறைக்குப் போதுமான ஒரு பல்பு நீல அறைக்குப் போதாது. நீலம் என்று முடிவு செய்பவர்கள் விளக்குச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடவேண்டும்.

அவருக்கு நீலம், எனக்கு மஞ்சள். இரண்டையும் ஒரே அறையில் அடிக்கலாமா?

அடிக்கலாம். பாதிப் பாதி மட்டும் வேண்டாம். காஞ்சிபுரம் பட்டில் உடல் ஒரு நிறம், கரை எதிர் நிறம். உடலின் அளவுக்குக் கரையும் அகலமாகிவிட்டால் எது உடல் எது கரை என்று தெரியாமல் இரண்டும் மோதிக்கொள்ளும். அறையிலும் ஒரு நிறம் ஆளட்டும், மற்றது கரையாக நிற்கட்டும். மூன்று சுவரும் கூரையும் வெளிர் நிறம், ஒரே ஒரு சுவர் நீலம். அல்லது அறை முழுதும் நீலம், மஞ்சள் திரைச்சீலையிலும் மெத்தை உறையிலும். இரண்டாவது வழியில் சண்டையும் தீரும்: திரைச்சீலையை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.

எதிர் நிறங்கள் பக்கத்தில் நிற்கும்போது ஒன்றையொன்று மாற்றிக் காட்டும் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். பாரிஸில் கோபெலின் நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்த ஷெவ்ரல் என்ற வேதியியலாளரிடம், கறுப்பு நூலில் சாயம் சரியாக ஏறவில்லை, நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் வெளிறித் தெரிகிறது என்று புகார் வந்தது. அவர் நூலைச் சோதித்தார். சாயத்தில் குறையே இல்லை. பக்கத்தில் இருந்த நிறம்தான் கறுப்பைக் கெடுத்துக் காட்டியது. அதைப் பற்றி அவர் எழுதிய பெரிய நூல் 1839-இல் வெளிவந்தது. உங்கள் வீட்டுக்கு அதன் பொருள் இதுதான்: நீலச் சுவரை ஒட்டியிருக்கும் மஞ்சள் தனியாக இருந்ததைவிட உரக்கத் தெரியும்; வெள்ளைகூட அதன் பக்கத்தில் லேசாக மஞ்சள் தட்டியதுபோல் தோன்றும். ஆகவே இரண்டு மாதிரி அட்டைகளையும் தனித்தனியாகவும் பாருங்கள், ஒட்டி வைத்தும் பாருங்கள்.

எந்தச் சுவருக்கு நீலம் என்று கேட்பார்கள். தொலைக்காட்சி இருக்கும் சுவருக்கு என்பார்கள் பலர். திரையைச் சுற்றி இருட்டு இருப்பதால் அது பொருந்தத்தான் செய்கிறது. எனக்குப் பிடித்தது, மாலை போட்ட தாத்தா ஆயா படங்கள் மாட்டியிருக்கும் சுவர். பழைய கறுப்பு வெள்ளைப் படமும் பொன்னிறச் சட்டமும் மயில்கழுத்து நீலத்தின் மேல் எழுந்து நிற்கும். விருந்தாளிகள் படம் எடுத்துக்கொள்ள அங்கேதான் போய் நிற்பார்கள், பாருங்கள்.

இரண்டு நிறமும் சந்திக்கும் கோடு நேராக வருவதில்லையே?

டேப்பை ஒட்டிவிட்டு, அதன் விளிம்பில் முதலில் ஏற்கெனவே இருக்கும் நிறத்தையே ஒரு தடவை பூசுங்கள். டேப்புக்கு அடியில் கசிவது அந்த நிறமாகவே இருக்கும், இடுக்கு அடைந்துவிடும். அது காய்ந்த பிறகு புது நிறத்தைப் பூசி, ஈரம் முழுதும் போவதற்கு முன் டேப்பைச் சாய்வாக இழுத்தெடுங்கள்.

பல்பை மாற்றினால் நிறம் மாறுமா?

மாறும். பெட்டியில் கெல்வின் எண் போட்டிருக்கும். 2700, 3000 என்றால் மஞ்சள் ஒளி, 4000 நடுத்தரம், 6500 நீலம் கலந்த வெள்ளை. மஞ்சள் ஒளியில் நீல அலைகள் குறைவு, ஆதலால் நீலச் சுவரின் பச்சைச் சாயல் மேலெழுந்து நிறம் கனக்கும். 6500-இல் நீலம் துல்லியமாகத் தெரியும். ஆனால் உட்கார்ந்திருப்பவர்களின் முகம் சாம்பல் பூத்தது போலிருக்கும். மஞ்சள் சுவருக்கு 6500 போடுவது பணம் கொடுத்து வாங்கிய நிறத்தை அழிப்பதற்குச் சமம். இரண்டுக்கும் 3000-ஐ ஒட்டியது போதும். நிறத்தைச் சரியாகக் காட்டும் தரத்தைச் சொல்லும் இன்னொரு எண் சி.ஆர்.ஐ.; அது 90-க்கு மேல் இருந்தால் நல்லது.

மின்வெட்டில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் நீலச் சுவர் கறுப்பாகவே தெரியும். நாடே மின்வெட்டில் தவித்த 2023-ஐ மறக்காதவர்கள் இதையும் நினைத்துக்கொள்ளலாம்.

மஞ்சளுக்கு மூன்று கோட் வேண்டும் என்கிறார் பெயிண்டர். ஏமாற்றுகிறாரா?

இந்த விஷயத்தில் அவர் பக்கம்தான் நியாயம். வெளிர் நிறங்கள் வெள்ளை மூலப் பெயிண்டில் கலக்கப்படுகின்றன. அதில் டைட்டானியம் டை ஆக்சைடு நிறைய உண்டு. சுவரை மறைப்பது அதுதான். பளிச்சென்ற மஞ்சளோ சிவப்போ வேண்டும் என்றால் அந்த வெள்ளை இருக்கக்கூடாது. இருந்தால் நிறம் பால் கலந்ததுபோல் ஆகிவிடும். எனவே வெள்ளை குறைந்த மூலப் பெயிண்டில் நிறமியைச் சேர்க்கிறோம். இப்போது கிடைக்கும் பளிச் மஞ்சள் நிறமிகள் பல, ஒளி ஊடுருவக் கூடியவை. அடியில் இருக்கும் திட்டெல்லாம் தெரியும். ஒரு காலத்தில் ஈயக் குரோமேட் மஞ்சள் ஒரே பூச்சில் மறைத்தது. அது நஞ்சு, போனதே நல்லது.

தப்பிக்க இரண்டு வழி. முதலில் சுவர் முழுதும் ஒரே சீரான வெள்ளை அடிப்பூச்சு கொடுங்கள். அல்லது பளிச் மஞ்சளைக் கைவிட்டுக் காவி மஞ்சள் பக்கம் வாருங்கள். அது இரும்பு ஆக்சைடு, மண்ணிலிருந்து வரும் நிறம். நன்றாக மறைக்கும், வெயிலில் வெளுக்காது. சொல்லப்போனால் டர்பன் வெளிச்சத்துக்கு அதுவே அழகு என்பேன். ஆனால் காவி என்றதும் "மடம் மாதிரி இருக்கும்" என்று சொல்லிவிடுகிறார்கள்.

நீலத்தில் நிறமி வலுவானது. சாம்பல் நிற அடிப்பூச்சு கொடுத்துவிட்டால் பெரும்பாலும் இரண்டு கோட் போதும்.

எவ்வளவு பெயிண்ட் வாங்குவது?

4 மீட்டருக்கு மூன்றரை மீட்டர் அறை, உயரம் 2.6 மீட்டர் என்று வையுங்கள். சுற்றளவு 15 மீட்டர். சுவர்ப் பரப்பு 39 சதுர மீட்டர். ஒரு கதவும் ஒரு ஜன்னலும் கழித்தால் 35. ஒரு லிட்டர் சுமார் 8 சதுர மீட்டர் போகும் என்று கொண்டால், இரண்டு கோட்டுக்கு 9 லிட்டர், அதாவது 5 லிட்டர் டின் இரண்டு. மூன்று கோட் மஞ்சள் என்றால் 13 லிட்டர், மூன்று டின். நீளச் சுவர் ஒன்றுக்கு மட்டும் நீலம் என்றால் 3 லிட்டருக்குள் முடியும்.

ஒரே நிறத்தில் இரண்டு மூன்று டின் வாங்கினால் எல்லாவற்றையும் ஒரு பெரிய வாளியில் ஊற்றிக் கலந்த பிறகு அடிக்கச் சொல்லுங்கள். டின்னுக்கு டின் மயிரிழை வேறுபாடு இருக்கும். சுவரின் நடுவில் டின் மாறினால் அது தெரிந்துவிடும்.

மேட்டா, பளபளப்பா?

அடர் நீலத்துக்கு மேட் அழகு. ஆனால் தோள் உரசும் இடத்தில் மெருகேறித் திட்டாகும், நகம் பட்டால் வெள்ளைக் கீறல் விழும். சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் லேசான ஷீன், கழுவக்கூடியது எடுங்கள். மஞ்சளுக்கும் அதுவே. முழுப் பளபளப்பு எனாமல் சுவருக்கு வேண்டாம். சுவரின் கோணல் எல்லாம் வெளியே வரும்.

அறையின் ஒரு மூலையில் காமாட்சி விளக்கு ஏற்றுகிறோம். சுவர் கறுக்கிறது. நீலமானால் தெரியாதல்லவா?

எண்ணெய்ப் புகையும் கற்பூரக் கரியும் நீலத்தில் சற்றுக் குறைவாகத் தெரியும். ஆனால் துடைத்தால் பளபளக்கும் பட்டை விழும். மஞ்சளில் உடனே தெரியும், உடனே துடைத்தும் விடலாம். எந்த நிறமானாலும் பழைய கரியின் மேல் நேராக அடிக்காதீர்கள். தண்ணீர்ப் பெயிண்டின் ஈரத்தில் எண்ணெய்க் கறை கரைந்து மேலே வந்துவிடும். சுகர் சோப் (பெயிண்ட் அடிக்குமுன் சுவர் கழுவும் தூள்) கரைசலில் கழுவி, நல்ல தண்ணீரால் துடைத்து, காய்ந்தபின் கறை தடுக்கும் பிரைமர் அடித்து, அதன்மேல் நிறம் அடியுங்கள். விளக்குக்குப் பின்னால் ஒரு பித்தளைத் தகடோ டைலோ வைத்துவிட்டால் அடுத்த தடவை இந்தக் கேள்வியே வராது.

சுவரில் கறுப்புப் புள்ளியாகப் பூஞ்சணம். அடர் நிறம் அடித்து மறைக்கலாமா?

மறையாது. டர்பன் கோடையின் ஈரக்காற்றில் அது புதுப் பூச்சையும் துளைத்துக்கொண்டு வரும். ஜிக் (வெளுக்கும் பிளீச் திரவம்) ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு கலந்து தடவி, கால் மணி நேரம் விட்டுக் கழுவுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், கையுறை போடுங்கள். ஜிக்கோடு வினிகரையோ அம்மோனியா உள்ள வேறு துப்புரவுத் திரவத்தையோ ஒருபோதும் சேர்க்காதீர்கள். நச்சு வாயு வரும்.

கழுவிய பிறகும் சுவரின் அடிப்பகுதியில் ஓதம் ஏறிக்கொண்டே இருந்தால், உப்புப் பூத்தால், அது நிறத்தின் வேலை அல்ல. வெளியே தண்ணீர் எங்கே தேங்குகிறது, எந்தக் கூரைக் குழாய் ஒழுகுகிறது என்று பார்த்துச் சரிசெய்யும் வரை டின்னைத் திறக்கவேண்டாம். புதிதாகச் சிமெண்டு பூசிய சுவரானாலும் நான்கு வாரம் காயவிட்டு, பூச்சுக்கான பிரைமர் அடித்த பிறகே நிறம்.

ஆயாவுக்குக் கண் மங்கல். அவர் இருக்கும் அறைக்கு எது?

மஞ்சள். வயது ஏற ஏறக் கண்ணின் லென்ஸ் பழுப்பேறி நீல ஒளியைத் தடுக்கிறது. நமக்கு மயில்கழுத்தாகத் தெரிவது அவருக்குக் கறுப்பாகத் தெரியலாம். சுவர் எந்த நிறமாக இருந்தாலும் கதவுச் சட்டமும் விளக்குச் சுவிட்சும் சுவரிலிருந்து பளிச்சென்று பிரிந்து தெரியவேண்டும். பிரிட்டனின் கட்டட வழிகாட்டு நியமம் இதற்கு எல்.ஆர்.வி. எண்ணில் 30 புள்ளி வித்தியாசம் சொல்கிறது. மஞ்சள் சுவரில் அடர் நீலக் கதவுச் சட்டம் வைத்தால் அந்தக் கணக்குத் தாராளமாக நிறைவேறும். சின்ன அறையில் சட்டத்தைச் சுவர் நிறத்திலேயே விடச் சொன்னேனே, ஆயாவின் அறைக்கு அது பொருந்தாது.

வாஸ்துப்படி வடக்குச் சுவருக்கு எந்த நிறம்?

அது என் தொழில் இல்லை. கோவில் ஐயரைக் கேளுங்கள். அவர் சொல்லும் நிறத்தில் பத்துச் சாயல் இருக்கும். உங்கள் வெளிச்சத்துக்குப் பொருந்தும் சாயலைத் தேடித் தருவது என் வேலை.

எந்த மாதத்தில் அடிப்பது நல்லது?

ஜூன், ஜூலை, ஆகஸ்ட். டர்பன் இருக்கும் குவாசூலு-நாட்டால் மாநிலத்தில் அவைதாம் மழை குறைந்த, காற்றில் ஈரம் குறைந்த மாதங்கள். தீபாவளி அக்டோபரிலோ நவம்பரிலோ வரும். அதற்குள் மழை தொடங்கிவிடும். ஆனாலும் எல்லாரும் தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்புதான் ஏணியைத் தேடுகிறார்கள். நடுவில் புரட்டாசி. அந்த விரத மாதத்தில் வீட்டைக் கலைத்துப் போட யாருக்கும் மனம் வராது. கணக்குப் பார்த்தால் ஆகஸ்டுக்குள் முடிப்பதே வழி.

மழை நாளில் அடித்தே தீரவேண்டும் என்றால் கோட்டுக்கும் கோட்டுக்கும் இடையே டின்னில் போட்ட நேரத்தைப்போல் இரண்டு மடங்கு விடுங்கள். தொட்டால் ஒட்டாது என்பதால் முழுதும் காய்ந்துவிட்டதாக எண்ணவேண்டாம்; தண்ணீர்ப் பெயிண்ட் இறுகச் சில வாரம் ஆகும். அதுவரை நீலச் சுவரை ஈரத்துணியால் துடைக்காதீர்கள்.

நாங்கள் இருப்பது ஜோகன்னஸ்பர்க் பக்கம், லெனேசியாவில். இதெல்லாம் பொருந்துமா?

சூரியன் அங்கேயும் வடக்கேதான். காற்று வறண்டது, இடம் உயரம். வெயில் உரைக்கும், வானம் பளிச்சென்றிருக்கும். நிறம் டர்பனைவிடக் கூர்மையாகத் தெரியும், அதனால் மஞ்சளை இன்னும் ஒரு படி அடக்குங்கள். குளிர்காலத்தில் காலை பத்து மணிக்கு முன்பும் மாலையிலும் சுவர் சில்லிட்டிருக்கும். 10 பாகை செல்சியஸுக்குக் கீழே பெயிண்ட் சரியாகப் படியாது. நடுப்பகலில் அடியுங்கள்.

பழைய ஜன்னல் சட்டத்தைச் சுரண்டிவிட்டு அடிக்கலாமா?

பழைய வீடானால் அடியில் ஈயப் பெயிண்ட் இருக்கக்கூடும். பெயிண்டில் ஈயத்துக்கு வரம்பு வைத்த விதியே இந்த நாட்டில் 2009-இல்தான் வந்தது. உலர்ந்த உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தூள் பறக்கவிடாதீர்கள், நெருப்பால் எரித்தும் எடுக்காதீர்கள். தண்ணீர் தொட்டுத் தேய்த்து, சேற்றைத் துணியால் வழித்தெடுங்கள். வேலை முடிந்து தரை கழுவும் வரை குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கம் வரவேண்டாம்.

நீலம் அடித்துவிட்டுப் பிறகு மனம் மாறினால்?

மாறலாம், கொஞ்சம் செலவாகும். நீலத்தின் மேல் நேராக மஞ்சள் அடித்தால் பச்சை தட்டும். முதலில் மறைக்கும் வெள்ளைப் பிரைமர் ஒன்றோ இரண்டோ கோட், பிறகு மஞ்சள். மஞ்சளிலிருந்து நீலத்துக்குப் போவது இதைவிட எளிது. இன்னும் ஊசலாடுகிறவர்கள் முதலில் மஞ்சள் அடித்து ஓராண்டு வாழ்ந்து பாருங்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

மிஞ்சிய பெயிண்டை என்ன செய்வது?

ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டியில் விளிம்பு வரை ஊற்றி இறுக மூடி, நிறத்தின் பெயர், கலப்பு எண், எந்த அறை, எந்த மாதம் என்று மூடியில் எழுதி வெயில் படாத இடத்தில் வையுங்கள். ஆணி பிடுங்கிய ஓட்டையை அடைத்த பிறகு தொட்டுவைக்க அது போதும். பெரிய டின்னில் காற்று நிறைந்து கிடந்தால் தோல் கட்டிக் கெட்டுப்போகும். பிரஷ் கழுவிய தண்ணீரையோ மிச்சத்தையோ தெரு மழைநீர்க் கால்வாயில் ஊற்றாதீர்கள். அது சுத்திகரிக்கப்படாமல் ஆற்றுக்கும் கடலுக்கும் போகிறது. மிச்சத்தில் மணலையோ மரத்தூளையோ கொட்டி, கட்டியாக உறைந்த பிறகு குப்பையில் போடுங்கள்.